ஒரு காதற் பாட்டின் பின்கதையைத் தேடி எழுதுவது எப்படி

பழைய ஆங்கிலக் காதற் பாட்டொன்றின் பின்கதையை எழுத முனைபவர்களுக்கு யாழ்ப்பாணத்தில் எக்காலத்திலும் குறைவில்லை. ஆங்கில தினத்துக்கு ஐந்து நிமிட உரை தயாரிக்கும் மாணவர், யூடியூப் அலைவரிசை நடத்தும் இளைஞர், பழைய மாணவர் சங்க மலருக்குக் கட்டுரை தருவதாக ஒப்புக்கொண்ட ஓய்வுபெற்ற ஆசிரியர் என அவர்கள் பல வகையினர். ஆனால் எழுதி முடித்ததை வாசித்தால் பெரும்பாலும் ஒரே மாதிரியாகவே இருக்கும். பாடகி எந்த ஊரில் பிறந்தார், எத்தனை விருதுகளைப் பெற்றார், எப்படி இறந்தார் என்பதோடு கட்டுரை முடிந்துவிடும். பாட்டு எதற்காக எழுதப்பட்டது, எவர் கையிலிருந்து எவர் கைக்குப் போனது, போகிற வழியில் அதில் என்ன மாறியது என்று எவரும் கேட்பதில்லை. பாடியவரின் கதை வேறு, பாட்டின் கதை வேறு.

இந்த வேலையைச் செய்யும் முறையை ஒரே பாட்டை வைத்துக் காட்டுவது சுலபம். அதற்கு நான் எடுத்துக்கொள்வது ‘ஐ வில் ஓல்வேய்ஸ் லவ் யூ’. ஆங்கிலப் பாட்டு அதிகம் கேளாதவர்களுக்கும் இந்தப் பாட்டின் உச்சக் குரல் தெரிந்திருக்கும். எங்கள் மண்டபங்களில் கேக் வெட்டும் நேரத்தில் இதைப் போடுகிறார்கள். அது பிரிந்து போகும் ஒருத்தி சொல்லும் விடை என்பதைப் பற்றி அந்த நேரத்தில் எவரும் யோசிப்பதில்லை. தவிரவும், இந்தப் பாட்டைப் பற்றிய ஆவணங்கள் நிறைய உள்ளன, சம்பந்தப்பட்டவர்கள் சொன்ன கதைகளும் நிறைய உள்ளன, இரண்டும் எல்லா இடத்திலும் ஒத்துப்போவதில்லை. பழகுவதற்கு இதைவிட நல்ல பாட்டு கிடைப்பது அரிது.

முதலில் எழுதியவரைக் கண்டுபிடியுங்கள்

திரையில் வாயசைத்தவரின் பெயரால் பாட்டை அழைப்பது எங்களுக்குப் பழகிப்போன வழக்கம். கண்ணதாசன் எழுதி, விஸ்வநாதன் இசையமைத்து, சௌந்தரராஜன் பாடியிருந்தாலும் அது எம்.ஜி.ஆர். பாட்டு அல்லது சிவாஜி பாட்டு. ஆங்கிலப் பாட்டுக்கு வரும்போது அந்த இடத்தில் பாடகரை வைத்துவிடுகிறோம். எனவே ‘ஐ வில் ஓல்வேய்ஸ் லவ் யூ’ விட்னி ஹியூஸ்டனின் பாட்டு என்றும், அதில் இருப்பது அவருடைய மனத்துயரம் என்றும் எழுதத் தொடங்கிவிடுகிறோம். இது தொடக்கத்திலேயே வரும் கோளாறு. பிறகு எத்தனை ஆண்டுகளையும் விருதுகளையும் சேர்த்தாலும் கட்டுரை நேராகாது.

இசைத்தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் வட்டத் தாளில், பாட்டின் பெயருக்குக் கீழே அடைப்புக்குறிக்குள் சிறிய எழுத்தில் ஒரு பெயர் இருக்கும். இறுவட்டு என்றால் உள்ளே மடித்து வைத்த தாளில் இருக்கும். அதுவே எழுதியவரின் பெயர். தட்டு கையில் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. உலகெங்கும் உள்ள சேகரிப்பாளர்கள் தட்டுகளின் முகப்புகளைப் படமெடுத்துப் போட்டிருக்கும் டிஸ்கொக்ஸ் இணையத்தளத்தில் பாட்டின் பெயரையும் ஆண்டையும் இட்டால், பெரும்பாலான பிரபல பாடல்களின் மூலத் தட்டையே பெரிதாக்கிப் பார்க்கலாம். எங்கள் பாட்டுக்கு அங்கே இருக்கும் பெயர் அமெரிக்கப் பாடகி டொலி பார்ட்டன். ஆண்டு 1974. விட்னியின் பதிவு வருவதற்குப் பதினெட்டு ஆண்டுகள் முந்திய தட்டு அது.

ஆனால் அந்தச் சிறிய எழுத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. பீட்டில்ஸ் குழுவின் ‘யெஸ்டடே’ என்ற பாட்டின் தட்டில் லெனன், மக்கார்ட்னி என இரண்டு பெயர்கள் இருக்கின்றன. எழுதியவர் மக்கார்ட்னி மட்டுமே. இருவரில் எவர் எழுதினாலும் இரண்டு பெயரையும் போடுவது என்று அவர்கள் முன்னரே செய்துகொண்ட ஏற்பாட்டினால் வந்த நிலை அது. ‘அன்செயின்ட் மெலடி’ இன்னொரு விதம். தலைப்பில் உள்ள சொல் பாட்டுக்குள் எங்குமே வராது, ஏனென்றால் அது 1955 இல் வந்த ஒரு சிறைச்சாலைப் படத்தின் பெயர். 1965 இன் புகழ்பெற்ற பதிவில் ரைச்சஸ் பிரதர்ஸ் என்று இரண்டு பேருக்குரிய பெயர் போட்டிருந்தாலும் பாடுபவர் பொபி ஹட்ஃபீல்ட் ஒருவர்தான். ஆகவே தட்டு சொல்வதை முதற் சாட்சியாக மட்டும் எடுத்துக்கொண்டு மேலே செல்ல வேண்டும்.

எழுதியவர் அப்போது எந்த நிலையில் இருந்தார்

பெயர் கிடைத்ததும் எழுதியவருடைய வாழ்க்கை வரலாறு முழுவதையும் வாசிக்கத் தேவையில்லை. பாட்டு எழுதப்பட்ட ஆண்டுக்கு முன்னும் பின்னுமாக இரண்டு மூன்று ஆண்டுகளை மட்டும் துருவிப் பார்த்தால் போதும். டொலி பார்ட்டன் 1967 இல் போர்ட்டர் வாகனர் என்பவரின், அதாவது கன்ட்ரி என்ற அமெரிக்க இசைவகையின் பாடகர் ஒருவரின், தொலைக்காட்சி நிகழ்ச்சியில் சேர்ந்தார். வாகனர் ஏற்கெனவே பெயர் பெற்றவர், டொலியைவிடப் பதினெட்டு வயது மூத்தவர். இருவரும் சோடியாகப் பாடிய பாடல்கள் நன்றாக விற்பனையாகின. ஐந்து ஆண்டுகள் இருப்பதாகச் சொல்லித்தான் சேர்ந்ததாகவும், தனியாகப் போக வேண்டும் என்ற எண்ணம் வளர வளர இருவருக்கும் இடையில் வாக்குவாதம் கூடியதாகவும் டொலி பல நேர்காணல்களில் கூறியிருக்கிறார். பேசிப் பயனில்லை என்று கண்ட பிறகு, சொல்ல வேண்டியதை ஒரு பாட்டாக எழுதி, மறுநாட் காலையில் வாகனரின் அலுவலகத்துக்குப் போய், அவரை உட்கார வைத்துப் பாடிக் காட்டினார் என்பதும் அவர் வாய்மொழியே. வாகனர் கண்கலங்கி, நீ எழுதியதில் இதுதான் சிறந்தது, இந்தப் பாட்டை நான் தயாரிப்பதானால் நீ போகலாம் என்றாராம்.

எனவே இந்தக் காதற் பாட்டு ஒரு காதலனுக்கு எழுதப்பட்டதன்று. தன்னை வளர்த்துவிட்ட மூத்த கலைஞரிடமிருந்து, பகை இல்லாமல் விலகிப்போக விரும்பிய இளைய கலைஞர் எழுதியது. அண்ணாவியாரிடம் கூத்துப் பழகி, பிறகு தனிக் குழு தொடங்கப் போகிறவனின் சங்கடம் எங்களுக்குப் புரியாததன்று. நன்றி உண்டு, அன்பு உண்டு, ஆனாலும் போகத்தான் வேண்டும். இந்தப் பின்னணியைத் தெரிந்துகொண்டு பாட்டைத் திரும்பக் கேட்டால், அதில் மன்றாட்டோ குற்றச்சாட்டோ இல்லாமல் நல்வாழ்த்து மட்டும் இருப்பதன் காரணம் விளங்கும்.

இந்த இடத்தில் கட்டுரையாளர்கள் மனம் நிறைந்து நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தக் கூடாது. டொலி 1974 இல் நிகழ்ச்சியை விட்டு விலகினார். 1979 இல் வாகனர் அவர்மீது ஒப்பந்தத்தை மீறியதாக முப்பது இலட்சம் டொலர் கேட்டு வழக்குத் தொடர்ந்தார், அது நீதிமன்றத்துக்கு வெளியே பேசித் தீர்க்கப்பட்டது. கண்ணீரோடு விடைகொடுத்த மனிதர் ஐந்து வருடம் கழித்து வழக்குப் போட்டார் என்பது கதையைக் கெடுக்கும் என்று சிலர் விட்டுவிடுவார்கள். எனக்கு அது கதையின் முதுகெலும்பாகவே படுகிறது. பாட்டு ஒரு பிணக்கைத் தீர்த்துவிட்டது என்று எழுதினால் அது தவறு. பிணக்கு நடந்துகொண்டிருந்த காலத்தில் அதிலிருந்த நல்ல பக்கத்தை மட்டும் தனியே பிரித்து வைத்தது என்று எழுதினால் அது சரியாக இருக்கும். 2007 மே மாதத்தில், நாஷ்விலின் ‘கிராண்ட் ஓல் ஒப்ரி’ என்ற கன்ட்ரி இசை அரங்கில் வாகனர் சேர்ந்து ஐம்பது ஆண்டுகள் ஆனதைக் கொண்டாடிய மேடையில் டொலி அதே பாட்டை அவர் முன்னிலையில் பாடினார். அந்த ஒக்டோபரில் வாகனர் காலமானார். வழக்கைச் சொல்லாமல் இந்த மேடையை மட்டும் சொன்னால் வாசகருக்கு அதன் கனம் எட்டாது.

சொன்னதையும் பதிவானதையும் எதிரெதிரே வையுங்கள்

ஒரு தாளை எடுத்து நடுவே கோடு கிழித்து, இடப் பக்கத்தில் தட்டு, பத்திரிகை, நீதிமன்றப் பதிவு ஆகியவற்றால் உறுதியாகும் திகதிகளையும், வலப் பக்கத்தில் ஆட்கள் சொன்ன கதைகளையும் எழுதுங்கள். இது அலுப்பான வேலை. ஆனாலும் இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் செய்ய நேரம் உண்டு என்றால் இதைச் செய்யுங்கள் என்பேன்.

இரண்டு உதாரணங்கள் போதும். வாகனர் தயாரித்தால்தான் சம்மதம் என்றாராம் என்று வலப் பக்கத்தில் எழுதியிருப்பீர்கள். இடப் பக்கத்தில், அந்தப் பாட்டு இடம்பெற்ற 1974 ஆம் ஆண்டின் இசைத்தட்டில் தயாரிப்பாளர் என்று போட்டிருப்பது பொப் ஃபேர்கசன் என்ற பெயர். இதனால் டொலி பொய் சொன்னார் என்று ஆகிவிடாது. ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலையைச் செய்பவர் ஒருவராகவும், கம்பனியின் தாளில் பெயர் வருபவர் இன்னொருவராகவும் இருப்பது அந்தத் தொழிலில் நடப்பதுதான். ஆனால் வாகனர் தயாரித்த பாட்டு என்று நீங்கள் தீர்மானமாக எழுதினால், தட்டை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் உங்களைப் பிடித்துக்கொள்வார். டொலியின் கூற்றுப்படி என்று தொடங்கி, தட்டில் இருக்கும் பெயரையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் அந்தச் சிக்கல் இல்லை.

மற்றையது பாடகர் எல்விஸ் பிரெஸ்லி பற்றியது. எல்விஸும் அவருடைய மனைவி பிரிசில்லாவும் பிரிந்தபோது எல்விஸ் இந்தப் பாட்டைப் பிரிசில்லாவுக்குப் பாடியதாக, பிரிசில்லாவே தன்னிடம் சொன்னார் என்று டொலி சொல்லியிருக்கிறார். கேட்பதற்கு உருக்கமான கதை, எல்லாரும் எழுதுகிறார்கள். இடப் பக்கத்தைப் பாருங்கள். அவர்களுடைய விவாகரத்து முடிந்தது 1973 ஒக்டோபர் 9. டொலி பாட்டைப் பதிவு செய்தது 1973 ஜூன். தட்டு கடைக்கு வந்தது 1974. அப்படியானால் தட்டு வெளிவருவதற்கு முன்னரே பாட்டு எல்விஸின் காதுக்கு எட்டியிருக்க வேண்டும், அல்லது நினைவில் இரண்டு காலங்கள் ஒன்றாகக் கலந்திருக்க வேண்டும். ஒருவர் சொன்னதாக இன்னொருவர் சொன்ன கதை இது. விட்டுவிடத் தேவையில்லை, ஆனால் திகதிகளோடு சேர்த்தே வாசகருக்குக் கொடுக்க வேண்டும்.

பணம் போன வழியைத் தேடுங்கள்

காதற் பாட்டைப் பற்றி எழுதும்போது பணத்தைப் பேசுவது நாகரிகமில்லை என்று எங்களில் பலர் நினைக்கிறோம். உண்மையில் பாட்டு ஏன் ஒருவர் குரலில் வந்தது, ஏன் இன்னொருவர் குரலில் வரவில்லை என்பதற்கு விடை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். எல்விஸ் இந்தப் பாட்டைப் பாடுவதற்கு ஆயத்தமாக இருந்தார். அவருடைய முகாமையாளர் கேர்ணல் டொம் பார்க்கர், பாட்டின் பதிப்புரிமையில் பாதியைத் தர வேண்டும் என்று நிபந்தனை விதித்தார். டொலி மறுத்தார். எல்விஸின் குரலில் தன் பாட்டைக் கேட்க முடியாமற் போனதற்காக இரவு முழுவதும் அழுததாகச் சொல்கிறார். ஆனாலும் கொடுக்கவில்லை.

அந்த மறுப்பின் பெறுமதி பதினெட்டு வருடங்கள் கழித்துத்தான் தெரிந்தது. அமெரிக்காவில் சாதாரண வானொலி நிலையம் ஒரு பாட்டை ஒலிபரப்பும்போது, எழுதியவருக்கும் பதிப்புரிமை வைத்திருப்பவருக்கும் பணம் கட்டுகிறது. பாடியவருக்கு அந்த வழியில் எதுவும் போவதில்லை. 1992 நவம்பரில் வெளிவந்த விட்னியின் பதிவு அமெரிக்காவின் பில்போர்ட் சஞ்சிகை வெளியிடும் பாட்டுத் தரவரிசைப் பட்டியலில் 14 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. அந்த வாரங்களில் நாடெங்கும் வானொலியில் அது ஒலித்த ஒவ்வொரு தடவையும் கணக்கில் வரவு வைக்கப்பட்டது நாஷ்விலில் இருந்த டொலிக்குத்தான். பாடியவர், எழுதியவர், உரிமை வைத்திருப்பவர் என்ற மூன்று பேரையும் பிரித்துப் பார்க்காமல் எழுதுபவருக்கு இந்தக் கதை கிடைக்கவே கிடைக்காது.

பதிவுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கேளுங்கள்

வாசித்தது போதும் என்று தோன்றியதும் கேட்கத் தொடங்க வேண்டும். கைத்தொலைபேசியின் ஒலிபெருக்கியில் கேட்காமல், காதில் மாட்டிக் கேளுங்கள். டொலியின் 1974 பதிவு மூன்று நிமிடத்துக்கும் குறைவு. மெதுவான கிற்றார், அடங்கிய குரல், இறுதிச் சரணத்தைப் பாடாமல் பேச்சாகவே சொல்லிவிடுகிறார். நல்வாழ்த்துச் சொல்லும் அந்தப் பகுதி பேச்சில் வரும்போது, மேடையில் பாடுவதை நிறுத்திவிட்டு எதிரில் இருப்பவரைப் பார்த்துச் சொல்வது போலவே இருக்கிறது. அடுத்து லிண்டா ரொன்ஸ்டாட் 1975 இல் பாடியதைக் கேளுங்கள். அந்தச் சரணம் அதில் இல்லை.

இந்தச் சிறிய வேறுபாட்டிற்கு ஒரு கதை உண்டு. விட்னி நடித்த ‘பொடிகாட்’ என்ற படத்துக்கு முதலில் தேர்ந்தெடுத்திருந்தது வேறொரு பழைய பாட்டு. அதை இன்னொரு படம் 1991 இல் பயன்படுத்திவிட்டதனால் கைவிட வேண்டியதாயிற்று. அந்த இடத்துக்கு இந்தப் பாட்டைக் கொண்டுவந்தவர் படத்தின் கதாநாயகன் கெவின் கொஸ்ட்னர், கொண்டுவந்தது ரொன்ஸ்டாட்டின் பதிவு. இசைத் தயாரிப்பாளர் டேவிட் ஃபொஸ்டர் டொலியுடன் தொலைபேசியில் பேசியபோதுதான் அதில் ஒரு சரணம் விடுபட்டிருப்பது தெரியவந்ததாகவும், டொலி அதைத் தொலைபேசியிலேயே சொல்லக் கேட்டு எழுதிக்கொண்டதாகவும் ஃபொஸ்டர் சொல்லியிருக்கிறார். மூன்று பதிவுகளையும் வரிசையாகக் கேட்கும் எவரும் எந்தச் சரணம் எங்கே வருகிறது என்று தாமே குறித்துக்கொள்ளலாம். கதையைச் செவியால் சரிபார்க்கக் கிடைக்கும் இப்படியான வாய்ப்பைத் தவறவிடாதீர்கள்.

விட்னியின் பதிவு நாலரை நிமிடம். தொடக்கத்தில் முக்கால் நிமிடமளவு எந்த வாத்தியமும் இல்லை. அப்படித் தொடங்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவரும் கொஸ்ட்னர்தான். படத்தில் அந்தப் பெண் பிரிந்துபோகும் காட்சிக்கு அந்த வெறுமை வேண்டியிருந்தது. பிறகு வாத்தியங்கள் ஒவ்வொன்றாகச் சேர்கின்றன, கேர்க் வேலமின் சக்சபோன் வருகிறது, மூன்று நிமிடத்தைத் தாண்டியதும் எல்லாம் ஒரு கணம் நிற்கிறது, ஒரு பறை அடி விழுகிறது, பாட்டு ஒரு முழுச் சுரம் மேலே ஏறிப் புதிய சுருதியில் வெடிக்கிறது. டொலி பேச்சாகத் தாழ்த்திச் சொன்ன விடையை விட்னி இங்கே உச்சத்துக்குக் கொண்டுபோகிறார். எது சிறந்தது என்ற விவாதத்தில் இறங்கிக் கட்டுரையை வீணாக்க வேண்டாம். எனக்கு டொலியின் பதிவே மேலானதாகத் தோன்றுகிறது, ஆனால் அது என் விருப்பம்.

எங்கள் ஊரில் பாட்டு வந்து சேர்ந்த விதம்

இணையத்தில் எவரும் எழுதிவிடக்கூடிய பகுதி இதுவரை சொன்னது. யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுபவரால் மட்டும் தரக்கூடியது இனித்தான் வருகிறது. உலகம் முழுவதும் இந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்த 1992, 1993 காலத்தில் இங்கே மின்சாரம் இல்லை. 1990 இல் போர் மீண்டும் மூண்டபோது நின்றுபோனது, 1996 க்குப் பிறகே படிப்படியாக வந்தது. உலர் பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். ஆகவே சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பின்சில்லில் டைனமோவை உரச விட்டு, அதிலிருந்து இழுத்த வயரை ரேடியோவில் கொளுவி, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற மற்றவர்கள் சுற்றியிருந்து கேட்டார்கள். கசெற் போட்டால், சுற்றுகிறவரின் கை சோரும்போது பாடகியின் குரல் ஆண் குரலாக இழுபட்டுப் போகும், பக்கத்தில் இருப்பவர் பெடலைப் பறித்துக்கொள்வார். இந்த விதமாக ஒரு காதற் பாட்டைக் கேட்டவர்களின் நினைவு, பில்போர்ட் பட்டியலில் அகப்படாத வரலாறு.

அந்த நினைவைக் கேட்டு வாங்குவதற்கு ஒரு பக்குவம் வேண்டும். எந்த ஆண்டு என்று கேட்டால் எவரும் ஒரு குத்துமதிப்பைச் சொல்வார்கள், பெரும்பாலும் பிழையாகவே இருக்கும். எங்கள் சனம் காலத்தை இடப்பெயர்வை வைத்துத்தான் அளக்கிறது. ஆகவே “அன்ரி, இந்தப் பாட்டை முதல் எங்கை கேட்டனீங்கள்? இடம்பெயர முந்தியோ பிந்தியோ?” என்று கேளுங்கள். யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதிக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது தெரிந்துவிடும். “அப்ப கரண்ட் வந்திட்டுதோ?”, “ஏ9 றோட்டு திறந்த பிறகோ?” என்று அடுத்தடுத்துக் கேட்டால், 2002 சமாதான காலத்தில் இறுவட்டுகளும் டெக்குகளும் பாதை வழியாக வந்து குவிந்ததற்கு முன்னா பின்னா என்பதும் விளங்கிவிடும். பிறகு பொருளைப் பற்றிக் கேளுங்கள். “ஆரின்ரை கசெற் அது? ஆர் கொண்டுவந்து தந்தது?” பொருளைப் பிடித்துக்கொண்டு நினைவு தானாக வரும். கொழும்பால் வந்த மாமா, கனடாவால் பார்சல் அனுப்பிய சித்தி, விடுதியில் படித்த அண்ணா என்று ஒரு பெயர் கிடைக்கும், அடுத்ததாக நீங்கள் பேச வேண்டிய ஆள் அவர்தான்.

கசெற்றுகளையும் பாருங்கள். றெக்கோடிங் பாருக்கு வெற்றுக் கசெற்றையும் ஒரு தாளில் எழுதிய பாட்டுப் பட்டியலையும் கொடுத்துவிட்டு வந்தால், சில நாட்களில் பதிந்து தருவார்கள். பெட்டிக்குள் இருக்கும் அட்டையில் கடைக்காரரின் கையெழுத்தில் பாடல்களின் பெயர்கள் இருக்கும். எனக்குப் பார்க்கக் கிடைத்த ஓர் அட்டையில் இந்தப் பாட்டுக்கு எதிரே பாடகியின் பெயரோ எழுதியவரின் பெயரோ இல்லை, ‘பொடிகாட்’ என்று படத்தின் பெயர் மட்டும் நீலப் பேனாவில் எழுதியிருந்தது. பக்கத்தின் கடைசிப் பாட்டாகப் பதிந்திருந்ததால், நாடா தீர்ந்து, சக்சபோன் முடிவதற்குள் பாட்டு அறுந்துவிடுகிறது. அந்தக் கசெற்றின் சொந்தக்காரருக்குப் பல வருடங்களாகத் தெரிந்திருந்தது பறை அடிக்கும் உச்சத்துக்கும் முன்னரே நின்றுபோகும் பாட்டு. அட்டையை இரண்டு பக்கமும் படமெடுத்துக்கொள்ளுங்கள். முன்னும் பின்னும் உள்ள பாடல்களின் பெயர்களைக் கொண்டு, பதிந்த காலத்தை ஓரளவுக்குக் கணிக்கலாம்.

அச்சில் வந்ததைத் தேட, பழைய பத்திரிகைகளையும் சஞ்சிகைகளையும் மின்வடிவில் சேமித்திருக்கும் நூலகம் இணையத்தளத்தில் தொடங்கி, பிறகு யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கும் பல்கலைக்கழக நூலகத்துக்கும் போகலாம். 1981 க்கு முந்திய உள்ளூர்ப் பத்திரிகைகளில் ஒரு பெரும் பகுதி பொது நூலகத்துடன் எரிந்துபோனதால், நித்தி கனகரத்தினம் போன்றவர்கள் ஈழத்துப் பொப் இசையை வளர்த்த காலத்துப் பாட்டொன்றை நீங்கள் எடுத்துக்கொண்டால், அச்சைவிட ஆட்களின் வாயையும் இலங்கை வானொலியின் பழைய நேயர்களையுமே அதிகம் நம்ப வேண்டியிருக்கும். வெளிநாட்டுப் பாட்டுக்குப் பில்போர்ட் சஞ்சிகையின் பழைய இதழ்கள் கூகிள் புத்தகப் பகுதியில் முழுமையாக வாசிக்கக் கிடைக்கின்றன.

எழுதும்போது

பிறப்பிலிருந்து தொடங்க வேண்டாம். வாகனரின் அலுவலகத்தில் அந்தக் காலையிலிருந்து தொடங்கலாம், அல்லது கவிழ்த்து வைத்த சைக்கிளிலிருந்து தொடங்கி நாஷ்விலுக்குப் போகலாம். இரண்டில் எதை முன்னே வைத்தாலும் மற்றதற்கு இட்டுச்செல்லும் பாலமாக டொலியின் பதிப்புரிமையையும் விட்னியின் படத்தையும் பயன்படுத்துங்கள், ஏனென்றால் பாட்டு அந்த வழியாகத்தான் இங்கே வந்தது. உறுதியானதை நேரே சொல்லுங்கள். ஒருவர் சொன்னதை அவர் பெயரோடு சொல்லுங்கள். பிறர் சொல்லக் கேட்டதை அப்படியே குறிப்பிட்டுச் சொல்லுங்கள். கண்டிருக்கலாம், நினைத்திருக்கலாம் என்று பாடகியின் மனத்துக்குள் நீங்களாகப் புகுந்து எழுதுவதைத் தவிர்த்துவிடுங்கள். விட்னி 2012 பெப்ரவரி 11 ஆம் திகதி இறந்தபின் இந்தப் பாட்டு அவருடைய மரணப் பாட்டாகவே எழுதப்படுகிறது. அவருடைய பேழையைத் தேவாலயத்திலிருந்து எடுத்துச் சென்றபோது அது ஒலித்தது என்பதை ஒரு வசனத்தில் சொன்னால் போதும். அதற்காக எழுதப்பட்ட பாட்டு என்ற தோற்றம் வந்துவிடக் கூடாது.

திருமண மண்டபத்தில் இதைப் போடுகிறவர்களைக் கேலி செய்யும் பத்தி ஒன்றைச் சேர்க்க உங்களுக்கு ஆசை வரும். விட்டுவிடுங்கள். கேட்டவர்கள் ஒரு பாட்டை எதற்குப் பயன்படுத்தினார்கள் என்பதும் அதன் கதையில் ஒரு பகுதிதான். மாறாக, ஒரு தம்பதியிடம் ஏன் இதைத் தெரிவுசெய்தார்கள் என்று கேட்டு எழுதினால் கட்டுரை வளம் பெறும்.

பாட்டின் வரிகளை முழுவதுமாக எடுத்துப் போடுவது சட்டப்படியும் தவறு. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஆக்கியவர் இறந்து 70 ஆண்டுகள் வரை உரிமை தொடரும். கருத்தை உங்கள் தமிழில் சொல்லுங்கள். யூடியூப்புக்குச் செய்வதானால் பின்னணியில் மூலப் பதிவை ஓடவிடாதீர்கள், உரிமையாளரின் முறைப்பாட்டினால் காணொளி முடக்கப்படலாம் அல்லது விளம்பர வருமானம் அவர்களுக்குப் போய்விடலாம்.

ஊரவர்களிடம் கேட்டுப் பதிந்த ஒலிக்கோப்புகளுக்குப் பேசியவரின் அனுமதியைப் பெற்று, பெயர், ஊர், பதிந்த திகதி ஆகிய மூன்றையும் கோப்பின் தொடக்கத்திலேயே உங்கள் குரலில் சொல்லிப் பதிந்துவிடுங்கள். கட்டுரை வெளிவந்த பிறகு அவற்றைத் தொலைபேசியிலிருந்து அழித்துவிடாமல் வேறொரு இடத்திலும் ஒரு பிரதி வையுங்கள். அச்சான கட்டுரையின் ஒரு பிரதியை, பேசியவரின் வீட்டுக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் அவர்கள் மறந்துபோயிருந்த இன்னொரு விடயத்தைச் சொல்வார்கள், ஆகவே போகும்போது குறிப்புப் புத்தகத்தையும் எடுத்துச் செல்லுங்கள்.